உசனார் திரையைக் கெடுத்த கதை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் சுயநலத்தில் பிறந்தது. நான் நாவல் எழுதப் பயன்படுத்தும் தமிழ் மென்பொருள் பழசு, புதுக் கணினியில் ஓடாது. அதற்காகக் கணினிக்குள்ளேயே இன்னொரு பழைய கணினி இருப்பதுபோலப் பாவனை காட்டும் மெய்நிகர் கணினி ஒன்றை ரிப்கா எனக்கு அமைத்துத் தந்திருந்தாள். ஏறாவூர்க்காரி. அவளும் கணவன் றம்ஸீனும் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை செய்பவர்கள்.

போன மாதம் ஏதோ புதுப்பிப்பு வந்தது. அதோடு உள்ளேயிருந்த கணினியின் திரை முழுக்க வண்ணப் புள்ளிகள். என் நாவல் அதற்குள் மாட்டிக்கொண்டது.

2

முதல் தொடக்கம்: "மட்டக்களப்பு வாவியில் மீன்கள் பாடும் அந்த..."

(வேண்டாம். அந்த மீன்களுக்கு எந்தக் கதையிலும் ஓய்வில்லை.)

இரண்டாவது: "கணினியின் நினைவகம் ஒரு வட்டை, பெரிய வயல்வெளி. ஒவ்வொருவர் வயலுக்கும் வரம்பு உண்டு. வரம்பு தாண்டியவன்..."

இதை ரிப்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"சேர், நான் வயலுக்குள்ள இறங்கினதே இல்ல. நேரா சொல்லுங்களன்."

சரி, நேராக. திரையில் தெரியவேண்டிய படம் நினைவகத்தில் ஓரிடத்தில் இருக்கும். அது எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டிக்கொடுப்பது டிரைவர் என்கிற சின்ன மென்பொருளின் வேலை. அந்தத் தொடக்க எண்ணை யாரோ தேவையில்லையென்று நீக்கித் துப்புரவு செய்துவிட்டார். பலருடைய கணினியில் அந்த எண் பூச்சியம், ஆகவே பிழை வெளியே தெரியவில்லை. என்னுடையதைப் போன்ற சிலவற்றில் வேறிடத்துக் குப்பையெல்லாம் திரைக்கு வந்துவிட்டது. நன்றாக ஓடியதைத் திருத்தப்போய்க் கெடுத்த பிழை.

ரிப்கா ஒரு பின்னேரம் உட்கார்ந்து எண்ணைத் திரும்பப் போட்டாள். ஒரே வரி. நாவல் வந்துவிட்டது. கதையும் இங்கே முடிந்திருக்கவேண்டும்.

3

அந்த வரியை உலகத்து டிரைவர்காரர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்ப அவளுக்கு ஆசை. அவள் பெயரில் போகப்போகும் முதல் திருத்தம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. திருத்தியவர் பெயரைக் கீழே போடவேண்டும். எந்த மாற்றத்தால் பிழை வந்தது என்றும் சொல்லவேண்டும். சொன்னால்தான் பழைய பதிப்புகளுக்கும் திருத்தம் போய்ச்சேரும். தேடிப் பார்த்தாள். மாற்றத்தைச் செய்தவர்: உசனார் றம்ஸீன்.

[அடிக்குறிப்பாக வந்திருக்கவேண்டியது: உசனார் என்பது றம்ஸீனின் வாப்பா. நமக்குத் தகப்பன் பெயர் முன்னே வரும். வெள்ளைக்காரருக்கோ முன்னே வருவதுதான் ஆளின் பெயர். புடவைக்கடை உசனார் கணினியைத் தொட்டதே இல்லை. ஆனால் அந்தக் குழுவில் "அருமை, உசனார்" என்று எத்தனையோ தடவை பாராட்டு வாங்கியிருக்கிறார்.]

றம்ஸீன் அப்போது ஒரு வெளிநாட்டு வேலைக்குப் பதில் பார்த்திருந்தான். வேலை தருகிறவர்கள் அந்தக் குழுவை வாசிப்பவர்கள்.

"இத நான் அனுப்புறன். என்ட பிழைய நானே கண்டுபிடிச்சி திருத்தினதா இரிக்கட்டும்."

"கண்டுபிடிச்சது நான்தானே?"

"ஆரு இல்லெண்ட? ஆனா நீ அனுப்பினா, உசனார் கெடுத்ததெண்டு உலகம் முழுக்கப் போகும். வாப்பாட பேர நாறடிக்கப் போறியா?"

"வாப்பா பாராட்டு வாங்கக்குள்ள நீங்க ஒண்டும் சொல்லல்லையே!"

அவன் சிரித்துவிட்டான். (முதல் வரைவில் இவனைக் கொடியவனாக்கி, கதவை அறைந்து சாத்த வைத்திருந்தேன். ரிப்கா சொன்னபடி அவன் எழுந்துபோய் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தான். அந்த வரியை வெட்டிவிட்டேன்.) கோப்பையை அவள் முன்னால் வைத்து, "எனக்காக ஒருக்கா, ரிப்கா," என்றான். கெட்டவன் கேட்டிருந்தால் மறுத்திருப்பாள். நல்லவன் கேட்டதுதான் அவளுக்கு வலித்தது.

4

முடிவு அ: தன் பெயரிலேயே அனுப்புகிறாள். அவனுக்கு வேலை கிடைக்கவில்லை. பிறகு அவள்... (இல்லை, இது அவளுக்குத் தண்டனை கொடுக்கிற கதை.)

முடிவு ஆ: அவன் பெயரில் போகிறது, வேலை கிடைக்கிறது. குழுவில், "நன்றி, உசனார்." (சிரிப்பு வருகிறது. எனக்கு மட்டும்.)

முடிவு இ: இருவர் பெயரும். (பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும்.)

5

கடைசியில் யார் பெயரில் போனது என்று கேட்கலாமென வரைவை எடுத்துக்கொண்டு ஏறாவூருக்குப் போனேன். அவள் கடைசிப் பக்கம் வரை வாசித்தாள்.

"ரிப்காண்டு ஆரு சேர்?"

"நீதான் புள்ள. வீட்டுக்க பிரச்சின வரக்கூடாதெண்டு பேர மாத்திட்டன்."

"அவர்ட பேரயும் மாத்தியிருக்கலாமே?"

"அது... உசனார்ட பகிடி அந்தப் பேர் இல்லாட்டிச் சரிவராது."

"ஓ. அப்ப நீங்களும் என்ட பேரத்தான் அழிச்சீங்க."

தாள்களை அடுக்கித் திருப்பித் தந்தாள். என்ன நடந்தது என்று சொல்லவில்லை. கேட்க எனக்கும் முகமில்லை.

ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன்.

திருத்தியவர்: ....................

நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள் என்று எழுத வந்தேன். உசனாரை உங்களுக்குத் தெரியும், றம்ஸீனையும் தெரியும். அவள் பெயர்தான் உங்களுக்குத் தெரியாதே.