நாலாயிரம் மணி நேரம்

எங்கள் கம்பெனியில் மூளை இருக்கிறவர்கள் கண்டுபிடிப்பார்கள். இல்லாதவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். பதினொரு வருடமாகச் சாட்சி நான்தான். தூக்கத்தில் மூச்சு அடைத்துப்போகிறவர்களுக்குக் குழாய் வழியே காற்றைத் தள்ளும் மெஷின் செய்கிறோம். ஆராய்ச்சிக்கூடத்தின் குறிப்பேடு தினமும் மாலை ஐந்து மணிக்கு என் மேசைக்கு வரும். 'படித்தேன், புரிந்துகொண்டேன்' என்று அச்சடித்த வரிக்குக் கீழே கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். யார் எப்போது கண்டுபிடித்தார்கள் என்று நாளைக்கு வழக்கு வந்தால், காப்புரிமைக்கு அந்தப் பக்கம்தான் ஆதாரம். நான் ஒருநாளும் படித்ததில்லை. கல்யாணப் பதிவேட்டிலும் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டேன் என்று என் மனைவி சொல்லிக்காட்டுவாள்.

அன்றைக்குப் பேனா மக்கர் செய்தது. பக்கத்து மேசைக்காரர் தன் பேனாவைத் தேடி எடுக்கும்வரை கண்ணுக்கு வேறு வேலையில்லை, குறிப்பேட்டில் மேய்ந்தது. இப்போது விற்கிற மெஷினின் ரப்பர் சவ்வு நாலாயிரம் மணி நேரம் ஓடியதும் இறுகி ஒட்டிக்கொள்கிறது. காற்று நின்றுவிடுகிறது. எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. சோதித்த இருபதில் பதினேழு அப்படி. புதிய கலவையில் செய்த சவ்வோ பன்னிரண்டாயிரம் தாண்டியும் ஒட்டவில்லை.

எழுதியவள் குருவி. ஆராய்ச்சிக்கூடத்துப் பொறியாளர், கீச்சுக் குரலால் வந்த பெயர். புதுச் சவ்வு எப்போது கடைக்கு வரும் என்று அவளிடம் கேட்டேன். நான் படித்தேன் என்பதையே அவளால் முதலில் நம்ப முடியவில்லை.

"நாலு வருஷம் ஆகும் சார்," என்றாள். "பழசோட பேட்டன்ட் முடிய அவ்வளவு நாள் இருக்கு. அதுவரைக்கும் நாமதானே ராஜா? முடிஞ்சதும் ஆளாளுக்குப் பழசை மலிவா செய்வாங்க. அன்னைக்குத்தான் புதுசை இறக்கி, பழசு ஆபத்துன்னு ஊரெல்லாம் சொல்லுவோம்."

போன மாதம் ஆராய்ச்சிச் செலவை இரட்டிப்பாக்கிவிட்டதாக முதலாளி கூட்டத்தில் சொன்னபோது கை வலிக்கத் தட்டியவன் நான். கண்டுபிடிக்கப் பாதி, கண்டுபிடித்ததைப் பூட்டிவைக்கப் பாதி என்று யாரும் அப்போது சொல்லவில்லை.

நான் உடனே தொலைபேசியை எடுத்ததற்குக் காரணம் அதுவல்ல. என் அக்காவிடம் இருப்பது அந்தப் பழைய மெஷின். ஊழியர் சலுகை விலையில் நானே பெருமையாக வாங்கிக் கொடுத்தது. அலுவலகத் தொலைபேசியிலேயே கூப்பிட்டு, மெஷின் இதுவரை ஓடிய மணிக்கணக்கு, திரையின் கீழ் ஓரத்தில் என்ன எண் என்று கேட்டேன். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. ராத்திரிக்கு எட்டு மணி நேரம். விரல் விட்டு எண்ணினேன். இரண்டு கை முழுதாகத் தேவைப்படவில்லை. ஒரு வாரம்.

மெஷினைப் போடாதே என்றேன். போடாமல் படுத்த அன்று ஆம்புலன்ஸ் வந்ததை நினைவுபடுத்தினாள்.

"அப்போ எதைடா நிறுத்தட்டும்? மெஷினையா, மூச்சையா?"

வேறு கம்பெனி மெஷின் வாங்கலாமென்றால் வேறு கம்பெனியே கிடையாது. அதற்குத்தானே காப்புரிமை. குருவியிடம் ஒரு புதுச் சவ்வு கேட்டேன். எல்லாம் எண் போட்டுச் சட்டப் பிரிவின் அலமாரியில் பூட்டியிருக்கிறது என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் ஒதுங்கிப் போனாள்.

மறுநாள் காலை சட்டப் பிரிவு அம்மா கூப்பிட்டனுப்பினார். அவர் மேசையில் குறிப்பேடு விரித்திருந்தது. பைண்டிங்கில் புதுப் பசை வாசனை. குருவியின் எழுத்து, அதே தேதி. புதிய சவ்வின் பெருமை முழுக்க இருந்தது, பழைய சவ்வு ஒட்டிக்கொண்ட கதை மட்டும் இல்லை. பக்கத்தைக் கிழித்துவிட்டுச் சும்மா இருக்க அவர்களால் முடியாது. கிழித்தால் கண்டுபிடித்த தேதி போகும். தேதி போனால் காப்புரிமை ஆட்டம் காணும். ஆகவே தேதி வேண்டும், தேதிக்குச் சாட்சி வேண்டும்.

"தண்ணி கொட்டிடுச்சு. அதான் நல்ல பிரதி எடுத்தோம்," என்றார். "நீங்க வழக்கமா படிக்கமாட்டீங்களாமே. ரொம்ப நல்ல பழக்கம்."

பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன உறையை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். உள்ளே சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புச் சவ்வு.

"அக்கா நல்லா இருக்கணும். கூடப்பிறந்தவங்க ஒருத்தர்தானே உங்களுக்கு?"

அக்காவைப் பற்றி நான் அவரிடம் சொன்னதே இல்லை. தொண்டைவரை ஒரு வீரவசனம் வந்தது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினேன். பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

மதியமே அரை நாள் விடுப்பு எடுத்து அக்கா வீட்டுக்குப் போனேன். நாலு திருகாணியைக் கழற்றிப் பழையதை எடுத்துப் புதியதை வைத்தேன். பழையதை நகத்தால் அழுத்திப் பார்த்தேன், குழியவேயில்லை. மெஷினைப் போட்டதும் சீராகக் காற்று வந்தது. அக்கா தன் உள்ளங்கையைக் குழாயருகே வைத்துப் பார்த்துச் சிரித்தாள்.

"பரவாயில்லடா, உனக்கும் ஏதோ வேலை தெரியுது. கீழ் வீட்டு டீச்சரும் இதேதான் வச்சிருக்காங்க. நான் வாங்கினதைப் பாத்து அதே மாசம் வாங்கினாங்க. அவங்களுக்கும் ஒண்ணு மாட்டிக் கொடேன்."

ஒன்றுதான் இருந்தது என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவள் ஜன்னலுக்குப் போய், தம்பி வந்திருக்கிறான், மெஷினை எடுத்துக்கொண்டு வாங்க என்று கீழே பார்த்துக் கூப்பிட்டுவிட்டாள்.

திருப்புளியைப் பையில் போட்டேன். மறுபடி எடுத்து மேசைமேல் வைத்தேன். மாடிப்படியில் காலடி கேட்டது. டீச்சர் மெதுவாகத்தான் ஏறுவார். இரண்டு படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குவார்.