ஒன்பதாம் வார்டு கவிழ்ந்த கதை

பாம், பாம், பாஆஆம் என்று தெருவே அதிர்ந்தது. ஒரு வண்டியின் ஹாரன் இல்லை. பத்துப் பன்னிரண்டு வண்டிகள் போட்டி போட்டுக்கொண்டு அலறின. கல்லில் கிடந்த ரொட்டியைப் புரட்டப் போன ஹெர்மினியா பாரெரா, கையில் பிடித்த கரண்டியோடு வாசலுக்கு ஓடினாள். யார் வீட்டிலோ தீப்பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தாள்.

தீ இல்லை, கொடி. வரிசையாக வந்த பிக்கப் வண்டிகள் ஒவ்வொன்றின் முதுகிலும் படுக்கை விரிப்பு அகலத்துக்குக் கொடி பறந்தது. குடியரசுக் கட்சி சார்பில் மறுபடி நின்ற அதிபரின் பெயர் போட்ட கொடி. டெக்சாஸின் தென்கோடியில், ஆற்றைத் தாண்டினால் மெக்சிகோ என்று இருக்கும் லா நோபலேரா ஊரில், அதுவும் இந்தத் தெருவில், அப்படியொரு கொடியை அவள் பார்த்ததே கிடையாது. இங்கே பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போதே ஜனநாயகக் கட்சியையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள் என்று ஊரில் கேலியாகச் சொல்வார்கள்.

மூன்றாவது வண்டியை ஓட்டி வந்தவன் பெட்டோ, ஊர்த் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்கிறவன். தேர்தல் நாளுக்கு முன்கூட்டியே ஓட்டுப் போடலாம் என்பதால், போன வாரம்தான் அவனுடைய அம்மாவைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஓட்டுப் போட வைத்துக் கூட்டிவந்திருந்தாள் ஹெர்மினியா.

"தோன்யா ஹெர்மினியா! நம்ம வார்டு ஜெயிச்சிடுச்சு!"

"யாருடா ஜெயிச்சா?"

"நாமதான்!"

"நாமன்னா யாரு?"

அவன் சொன்ன பதிலை ஹாரன் விழுங்கிவிட்டது. உள்ளே ரொட்டி கருகும் வாசனை வந்தது. கூடவே போன் அடித்தது.

மாவட்டக் கட்சித் தலைவர் லாலோ எஸ்பினோசா. தலைவர் என்றாலும் அவளுக்குப் பதினைந்து வயது இளையவன்; ஊராரைப்போல அவனும் அவளை மரியாதையாகத் 'தோன்யா' என்றுதான் கூப்பிடுவான்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க தோன்யா?"

"ரொட்டியைக் கருக்கி வச்சிருக்கேன். நீ என்ன விஷயம்னு சொல்லு லாலோ."

"போன அதிபர் தேர்தல்ல உங்க வார்டு நமக்கு நானூறு, அவங்களுக்கு நூறு. நேத்து நமக்கு இருநூத்தி அறுபது, அவங்களுக்கு முன்னூறு. ஆத்தோரம் பூரா நமக்கு ஓட்டு குறைஞ்சிருக்கு, இல்லேங்கல. ஆனா உங்க வார்டு மாதிரி எதுவும் குப்புற விழல."

ஹெர்மினியா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். இருபத்தெட்டு வருடமாக ஒன்பதாம் வார்டு அவள் பொறுப்பு. யாருக்கு முழங்கால் வலி, யார் யாரோடு ஒரே வேனில் உட்காரமாட்டார்கள் என்பதுவரை அவளுக்குத் தெரியும். அதிபரோடு சேர்த்து, ஊர் ஷெரிப்பிலிருந்து கான்ஸ்டபிள் வரை அத்தனை பதவிக்கும் அதே சீட்டில்தான் ஓட்டு.

"அப்ப நம்ம ஷெரிப் தோத்துட்டாரா?"

"அதான் வேடிக்கையே. ஷெரிப் உங்க வார்டுல நானூத்திப் பத்து. கமிஷனரும் அப்படித்தான். நீதிபதி, கான்ஸ்டபிள், வரி அதிகாரி எல்லாருமே பழையபடி ஜெயிச்சிருக்காங்க. தலைல இருக்கிற அதிபர் ஓட்டு மட்டும் திரும்பியிருக்கு."

"மெஷின்ல ஏதாவது கோளாறா?"

"பத்துப் பேருக்கு ஒழுங்கா எண்ணின மெஷின் பதினோராவது ஆளுக்கு மட்டும் கோணலா எண்ணுமா?" லாலோவின் குரல் இறங்கியது. "வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கு. என்ன நடந்ததுன்னு நீங்க வந்து சொல்லணும். சொல்ல முடியலேன்னா உங்க வார்டை ஒராலியாகிட்ட குடுக்கலாம்னு நாலு பேர் பேசிக்கிறாங்க."

பத்தாம் வார்டு ஒராலியா! ஹெர்மினியாவின் வேன் பழசு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள். அவள் கையில் தன் ஜனங்களா? ஹெர்மினியா முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கதவைத் தாண்டுவதற்குள் ஒரு சந்தேகம் வந்தது. திரும்பிப் பார்த்தாள். புருஷன் நாட்டோ கருகிய ரொட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். எரிவாயுக் கிணறுகளில் குழாய் பற்றவைக்கிறவர். ஜனநாயகக் கட்சி ஜெயித்தால் எண்ணெய் வேலைக்கெல்லாம் மூடுவிழா நடத்திவிடுவார்கள் என்று ஒரு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தவர்.

"நாட்டோ, நீ யாருக்குப் போட்டே?"

"நீ சொன்னபடிதான் போட்டேன்."

"சத்தியமா?"

"குவாதலூப்பே மாதா மேல சத்தியமா. கடைசிப் பேர் வரைக்கும் ஒண்ணுகூட மறக்கல."

மாதா மேல் பொய்ச் சத்தியம் பண்ணுகிற மனிதர் இல்லை அவர். வீட்டுக்குள்ளேயே துரோகி இல்லை என்ற நிம்மதியோடு தெருவில் இறங்கினாள்.

இந்தத் தடவை ஓட்டுப் போடுவதே புதுசாகத்தான் இருந்தது. முன்பெல்லாம் ஒரே பொத்தான். கட்சிப் பெயருக்கு நேரே ஒரு அமுக்கு அமுக்கினால் அதிபரிலிருந்து கான்ஸ்டபிள் வரை மொத்த ஓட்டும் விழுந்துவிடும். "அமுக்கு, கிளம்பு, வேன்ல ஏறு" என்பதுதான் ஹெர்மினியா சொல்லிக்கொடுத்த மொத்தப் பாடம். அந்தப் பொத்தானை மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் உட்கார்ந்து சட்டம் போட்டுப் பிடுங்கிவிட்டார்கள். இனி ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியாகப் பெயர் தேடி அமுக்க வேண்டும். அதற்காகவே அவள் செப்டம்பர், அக்டோபர் முழுக்க வீட்டு முற்றங்களில் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, வெயிலில் தொண்டை வற்றப் பெயர்களை மனப்பாடம் பண்ண வைத்திருந்தாள். ஜெபம் சொல்வதுபோலச் சொன்னார்கள். அந்த மனப்பாடத்துக்கு நானூற்றுப் பத்து ஓட்டு சாட்சி. அப்புறம் தலையில் மட்டும் எப்படி இடி விழுந்தது?

முதலில் டயர் கடை பிடென்சியோ. பஞ்சர் ஒட்டிக்கொண்டே பேசினார்.

"நீங்க சொல்லிக்குடுத்தபடியே போட்டேன் தோன்யா. என்னைச் சந்தேகப்படாதீங்க. எல்லைக் காவல்ல பையனை வேலைக்கு அனுப்பியிருக்கிற வீடுகளைப் பாருங்க. நல்ல சம்பளம், நல்ல பென்ஷன். நம்ம கட்சி அந்த வேலைல கை வச்சா விடுவாங்களா?"

எல்லைக் காவலில் பையன் இருக்கும் வீட்டுக்குப் போனாள். அந்த அம்மாளுக்குக் கோபமே வந்துவிட்டது.

"நானா? நீங்க சொன்ன பேர்ல ஒண்ணுகூடத் தப்பல! போய்க் கிணத்து வேலைக்காரங்களைக் கேளுங்க. எண்ணெய் நின்னா அவங்க அடுப்பு எரியாதுன்னு பயந்து கிடக்கிறாங்க."

கிணற்று வேலைக்காரர்கள் கருக்கலைப்பை எதிர்த்துப் பாதிரியார் பண்ணிய பிரசங்கத்தைக் காட்டினார்கள். கோயிலுக்குத் தவறாமல் போகிற பெட்டோவின் அம்மா எவ்பேமியாவோ கொரோனா நிவாரணக் காசோலையைக் காட்டினாள்.

"அதிபர் பேரே அதுல அச்சடிச்சு வந்துச்சே தோன்யா. அதைப் பார்த்து மனசு மாறினவங்க இருப்பாங்க."

"நீங்க மாறினீங்களா?"

"நானா? நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க! சொல்லிக்குடுத்த பேரை வேன்லயே ரெண்டு தடவை ஒப்பிச்சேனே, மறந்துட்டீங்களா?"

ஒப்பித்தது உண்மைதான். ஹெர்மினியாவே காதால் கேட்டாள்.

"உங்க பையன் இன்னிக்குக் காலைல கொடி கட்டிட்டுப் போனானே?"

"அவனுக்கு ஹாரன் அடிக்கறதுன்னா பிடிக்கும். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் பாதி வார்டைச் சுற்றிவிட்டாள். கையில் காரணங்கள் சேர்ந்துகொண்டே போயின. எண்ணெய், எல்லை, கோயில், காசோலை, தொலைக்காட்சி, விலைவாசி. எல்லாமே கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தன. ஆனால் ஆள்? ஒருத்தர்கூட அகப்படவில்லை. நூற்றைம்பது பேராவது மாற்றிப் போட்டிருக்கிறார்கள். பார்த்தவர்கள் அத்தனை பேரும் அவள் சொன்னபடிதான் போட்டிருக்கிறார்கள். ராத்திரி ஆற்றைத் தாண்டி வந்து போட்டார்களா, பேய்கள் வந்து போட்டனவா? வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இதைச் சொன்னால் ஒராலியா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பொத்தாமலும் சிரிப்பாள்.

கடைசியாகச் சோனா வீட்டுக்குப் போனாள். சோனாவின் மூத்த மகனுக்கு ஹெர்மினியா ஞானத்தாய். அன்றிலிருந்து ஒருத்தியை ஒருத்தி பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'கோமாத்ரே' தான். முற்றத்து மரத்தடியில் சோனா சோள மாவைத் தட்டி, கறி வைத்து, சோளக்கதிர்த் தோலில் சுருட்டித் தமாலே பண்ணிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உதவிக்கு எவ்பேமியாவும் இன்னும் நாலு பெண்களும். ஹெர்மினியாவைப் பார்த்ததும் சோனா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வா கோமாத்ரே, உக்காரு. முகமே செத்துப் போயிருக்கு. ஒண்ணு சாப்பிடறியா?"

"சாப்பாடு வேண்டாம். நாளைக்கு என் வார்டைப் பிடுங்கி ஒராலியாகிட்ட குடுக்கப் போறாங்க. தெரியுமா உனக்கு?"

"ஒராலியாவா? அவ வேன்ல ஏசி இருக்காம்ல?" என்றாள் எவ்பேமியா. சோனா முறைத்ததும் மாவைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

ஹெர்மினியாவுக்குப் பொங்கிவிட்டது. "ஷெரிப்புக்குப் போட்டீங்க. கமிஷனருக்குப் போட்டீங்க. யாருக்குமே தெரியாத அந்த வரி அதிகாரிக்குக்கூடப் போட்டீங்க. தலைல இருக்கிறவருக்கு மட்டும் என்ன வந்துது? இருபத்தெட்டு வருஷம் உங்களை ஏத்தி இறக்கியிருக்கேன். என்கிட்ட பொய் சொல்லாதீங்க!"

"யாரும் பொய் சொல்லல கோமாத்ரே. நீ சொன்னபடிதான் போட்டோம்."

"இதையேதான் வார்டு பூரா சொல்லுது! எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும் போலிருக்கு. நான் என்னதான் சொன்னேன்? சொல்லு பாப்போம்!"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி தொடங்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஷெரிப், கமிஷனர், நீதிபதி என்று வரிசையாகப் பெயர்கள் வந்தன. முற்றத்தில் அவள் சொல்லிக்கொடுத்த அதே ராகம், அதே மூச்சு. கான்ஸ்டபிள் பெயரில் வந்து நின்றார்கள்.

பத்துப் பெயர். ஹெர்மினியா விரல்களை மறுபடி மடக்கிப் பார்த்தாள். பத்துதான்.

"அதிபர் பேரு எங்கே?"

சோனா சுருட்டிக்கொண்டிருந்த தமாலேயைக் கீழே வைத்தாள். அந்த வெயில் மத்தியானங்கள் அவளுக்கு நினைவுக்கு வந்தன. பட்டியல் நீளமென்று கிழவர்கள் முனகியது. மேலே இருப்பதை எல்லோரும் வழக்கம்போலத்தான் போடுவார்கள், அதை யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்று அவள் நினைத்தது. ரோடு போடப் போகிற கமிஷனரை முதலில் மனப்பாடம் பண்ணுங்கள் என்று அவசரப்படுத்தியது. அதற்கு முன்னால் வாய்க்கு வந்த ஏதோ ஒன்றைச் சொல்லித் தாண்டினாளே, அது என்ன?

சோனா கையில் ஒட்டிய மாவைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"'மேல இருக்கிறது உங்க இஷ்டம்'னு சொன்னே கோமாத்ரே. எங்களுக்குன்னு ஒரு இஷ்டம் இருக்கான்னு அன்னிக்குத்தான் முதல் தடவையா யோசிச்சுப் பாத்தோம்."