தலையுள்ள பனைகள்

பரமநாதனின் அறிமுக அட்டையில் 'மன்னார் மாவட்டப் பிரதம புகைப்பட நிருபர்' என்று அச்சிட்டிருந்தது. அந்தப் பத்திரிகைக்கு மாவட்டத்தில் வேறு புகைப்பட நிருபர் இல்லாதபடியால் அவருக்குக் கீழே அவர் மட்டுமே வேலை செய்தார். விபத்துப் படங்களில்தான் அவருக்குப் பெயர். முருங்கன் சந்தியில் யாராவது சைக்கிளோடு வழுக்கினால், முழங்காலைத் தடவ முன் 'பரமநாதன் வந்திட்டாரோ?' என்று பார்ப்பார்கள்.

2012ஆம் ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை, பாப்பாமோட்டைப் பக்கம் ஒரு லொறி குடைசாய்ந்தது. கடலுக்குள் எண்ணெய் தேட வந்த கம்பெனி ஒன்றின் குழாய்களை ஏற்றிய லொறி. குறுக்கே வந்த மாட்டுக்காகச் சாரதி நவ்ஷாத் பிறேக் அடித்தான். மாடு தன்பாட்டில் போய்விட்டது. லொறி வாய்க்காலுக்குள் படுத்துவிட்டது. ஒருவருக்கும் காயமில்லை.

அடுத்த நாள் பத்திரிகையில் கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. லொறியின் வயிறும் சில்லுகளும் தெரிந்தன. சுற்றிவரப் போத்தல்கள் சிதறிக் கிடந்தன. மேலே தலைப்பு: 'எண்ணெய்க் குழாய் லொறி குடைசாய்ந்தது: சாரதி போதையில்?' அந்தக் கேள்விக்குறி பரமநாதனின் கைவண்ணம். கேள்விக்குறி போட்டால் யாரும் வழக்குப் போட முடியாது என்பது அவருடைய முப்பது வருட அனுபவம்.

கம்பெனி முகாமையாளர் செல்வநாயகம் படத்தை வெட்டிக் கோப்பில் ஒட்டினார். லொறிச் சாவியை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டார்.

"நான் குடிக்கிறதில்ல சேர்," என்றான் நவ்ஷாத்.

"படத்தில போத்தல் கிடக்குது. நீர் இல்லை எண்டுறீர். நான் ஆரை நம்புறது? திங்கட்கிழமை விசாரணைக்கு வாரும்."

நவ்ஷாத் குடும்பம் இருபது வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு விடத்தல்தீவுக்குத் திரும்பி வந்து இரண்டு வருடம்தான். கூரைக்குத் தகரம் வந்ததும் அடுப்பு எரிவதும் இந்த வேலையால். வேலை போனால் திரும்பவும் புத்தளம்தான்.

அன்றிலிருந்து ஊர் அவனை மோந்து பார்க்கத் தொடங்கியது. தேத்தண்ணிக் கடைக்காரர் கோப்பையை வைத்துவிட்டு, தேவைக்கு மேல் குனிந்து நின்றார். பள்ளிவாசல் வரிசையில் பக்கத்தில் நின்றவர் சலாம் கொடுக்கும்போது மூச்சைக் கொஞ்சம் ஆழமாக இழுத்தார். வீட்டிலே மனைவி ஸம்ஸியா அவன் கழற்றிய சேட்டைக் கழுவ எடுத்தவள் முதலில் மூக்குக்குக் கொண்டு போனாள்.

"நீயுமா?" என்றான் நவ்ஷாத்.

"டீசல் மட்டும்தான் மணக்குது. பயப்பிடாதீங்க," என்றாள் ஸம்ஸியா. பிறகு பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். படத்தில் விரலை வைத்தாள். "இஞ்ச வாங்க. இந்தப் பனைகளுக்குத் தலை இருக்கு."

லொறிக்குப் பின்னால் ஐந்து பனைகள் ஓலை விரித்து நின்றன. பாப்பாமோட்டை வீதியில் விபத்து நடந்த இடத்துப் பனைகளுக்குத் தலையே கிடையாது. யுத்தகாலத்து ஷெல்லடியில் போனவை. இன்றைக்கும் தூண் மாதிரித்தான் நிற்கின்றன.

"செவ்வாக்கிழமை நீங்க விழுந்த இடத்தில தலையுள்ள பனை நிண்டதா?"

"ஒண்டுகூட நிக்கல்ல."

"அப்ப இது ஆர்ர லொறி?"

வியாழக்கிழமை இருவரும் பஸ் ஏறி முருங்கனுக்குப் போனார்கள். பரமநாதன் வீட்டு மேசையில் பெரிய பிஸ்கட் டின் திறந்து கிடந்தது, நிறையப் பழைய படங்கள். இடம்பெயர்ந்தபோது ஊரெல்லாம் பாயும் பானையும் தூக்கியது, அவர் அந்த டின்னைத் தூக்கினார். இவர்களைக் கண்டதும் மூடியைப் போட்டார்.

"பனையோ? அது லென்சின்ர கோணம், தங்கச்சி. உங்களுக்கு விளங்காது."

"லென்ஸ் பனைக்கு ஓலை வைக்குமா ஐயா?"

தேத்தண்ணியோடு வந்த அவர் மனைவி சிவலட்சுமிக்கு எதையும் மறைத்துப் பழக்கமில்லை. "அண்டைக்கு இவர் போய்ச் சேர முன்னமே கிரேன் வந்து லொறியை நிமித்திப் போட்டுதாம். செத்த வீட்டுக்குப் போன மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டெல்லோ வந்தவர்!"

"நீர் உள்ள போம்," என்றார் பரமநாதன்.

ஸம்ஸியாவின் கண் டின்னை விட்டு நகரவில்லை. அவர் கதையை மாற்றுவதற்காக, வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிற அழைப்பிதழ் ஒன்றை எடுத்து நீட்டினார். 'மன்னார் விபத்துகள்: ஒரு வரலாற்றுப் பார்வை. புகைப்படக் கண்காட்சி. சனிக்கிழமை. பிரதம அதிதி: திரு. செல்வநாயகம்.'

"கட்டாயம் வாங்கோ."

"கட்டாயம் வாறம்," என்றாள் ஸம்ஸியா.

சனிக்கிழமை காலை மண்டபத்தில் குத்துவிளக்கு ஏற்ற ஏற்ற மின்விசிறி அணைத்துக்கொண்டிருந்தது. விசிறியை நிறுத்தி விளக்கை ஏற்றினார்கள். பிரதம அதிதிக்கு வியர்த்தது. வியர்த்த கழுத்துக்கு மேலே பொன்னாடையையும் போட்டார்கள்.

"பரமநாதன் ஐயாவின்ர படத்தை நம்பித்தான் எங்கட கந்தோரில விசாரணையே நடக்குது," என்று செல்வநாயகம் ஒலிவாங்கியில் சொன்னார். கைதட்டல் எழுந்தது. பரமநாதன் அடக்கமாகத் தலை குனிந்தார், பிறகு படம் எடுக்க வசதியாக நிமிர்ந்தார்.

சுவர் நிறையப் படம் வேண்டும் என்ற ஆசையில் அவர் டின்னை அடியோடு கவிழ்த்திருந்தார். பத்திரிகைக்குப் பழையதைப் புதிதாக்க வேண்டும். கண்காட்சிக்குப் பழையது எவ்வளவு பழையதோ அவ்வளவு மதிப்பு. இரண்டு வேலையையும் ஒரே படம் செய்துவிட்டதை அவர் மறந்துபோனார்.

ஸம்ஸியா நவ்ஷாத்தோடு சுவரோரமாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஏழாவது படத்தில் நின்றாள். அதே லொறி வயிறு. அதே ஐந்து பனை. கீழே பரமநாதனின் அழகான கையெழுத்து: 'மன்னார் வீதியில் சோடா லொறி குடைசாய்ந்த காட்சி. 1984.'

"சேர்," என்று கூப்பிட்டாள். மண்டபம் திரும்பியது. கைப்பையிலிருந்து பத்திரிகையை எடுத்து, படத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். "எண்பத்து நாலில என்ட மனுசனுக்கு ஒரு வயசு. அந்த வயசில லொறி ஓட்டிக் கவிழ்த்தவரா?"

செல்வநாயகம் கண்ணாடியைப் போட்டுக் குனிந்தார். பத்திரிகையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு பரமநாதனைப் பார்த்தார்.

"ஒரே மாதிரி ரெண்டு விபத்து நடக்கிறதும் உண்டு..." என்று தொடங்கினார் பரமநாதன்.

"அதே அஞ்சு பனையோடயோ?" என்றார் செல்வநாயகம். ஒலிவாங்கியில் தான் சொன்னது அவருக்கு இப்போது திரும்பக் கேட்டிருக்க வேண்டும். பொன்னாடையைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். "நவ்ஷாத், விசாரணை இல்லை. திங்கள் வேலைக்கு வாரும்."

அந்த நேரத்திலும் பரமநாதனின் கமெரா ஒருதரம் மின்னியது. பழக்கதோஷம்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ஸம்ஸியா விரல் நீட்டி நின்றாள். 'வரலாற்றுப் படம் ஒன்றை வியந்து சுட்டிக்காட்டும் இரசிகை' என்று கீழே போட்டிருந்தது. இந்தமுறை கேள்விக்குறி இல்லை. படம் உண்மையிலேயே நேற்று எடுத்ததுதானா என்று ஸம்ஸியா இரண்டு தரம் பார்த்தாள்.

திங்கள் காலை செல்வநாயகம் லாச்சியைத் திறந்து சாவியை எடுத்தார். மேசைக்கு மேலால் நீட்டுகிற சாட்டில் நவ்ஷாத்தின் முகத்துக்குக் கிட்டக் குனிந்து, மூச்சை மெல்ல உள்ளே இழுத்தார்.

"என்ன சேர்?" என்றான் நவ்ஷாத்.

"ஒண்டுமில்லை," என்றார் செல்வநாயகம். "எனக்குக் கொஞ்சம் தடிமன், மூக்கடைப்பு."