எழுதாத உத்தரவு

எனக்கு வயது அறுபத்து மூன்று. அரசுத் தலைமை வழக்கறிஞர் பதவியில் இது ஒன்பதாவது வருடம். அரசாங்கம் எதைச் செய்துவிட்டு வந்து நின்றாலும் நீதிமன்றத்தில் அதற்கு வாய் நான்தான். உண்மையைச் சொன்னால், வாய் வலிக்கிறது.

எங்கள் நீதிமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. மற்ற வக்கீல்கள் எந்த உறுதி தந்தாலும் எழுத்தில் கேட்பார்கள். தலைமை வழக்கறிஞர் எழுந்து சொல்லிவிட்டால் நீதிபதி பேனாவை மூடிவிடுவார். போன வியாழக்கிழமை கால்வாய்க் கரையிலிருந்த பதினோரு வீடுகளின் வழக்கு வந்தது. "அடுத்த விசாரணை வரைக்கும் இடிக்க மாட்டோம்" என்றேன். எதிர்த்தரப்பில் ஒரு பெண் வக்கீல். "எழுதிட்டா நல்லாயிருக்கும்" என்று இழுத்தார். நீதிபதிக்குக் கோபமே வந்துவிட்டது. "அவர் சொன்னா போதும்மா, உட்காருங்க!" எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, பொய் சொல்வானேன்.

சனிக்கிழமை காலை அரசுத் துறை ஆட்களே வந்து பதினொன்றையும் இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

திங்கட்கிழமை நான் கிளம்பிக்கொண்டிருக்கும்போதே சட்டச் செயலாளர் கையில் ஒரு தாளோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"சார், நீங்க முன்வரிசை வீடுகளை மட்டும்தான் சொன்னதா வெச்சுக்கலாம். அமைச்சரும் அதைத்தான் சொல்றாரு."

"முன்வரிசையா? அங்க இருந்ததே ஒரே வரிசைதானய்யா!"

"அது இப்போ யாருக்கு சார் தெரியும்?"

அடப்பாவி! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவர்கள் தோட்டத்தையே மறைக்கப் பார்க்கிறார்கள். தாளை வாங்கிப் பைக்குள் போட்டேன். மறுத்துப் பேசக்கூடத் தெம்பில்லை.

அவர் போனதும் மனைவி என் கறுப்பு அங்கியை நீட்டினாள். "ஊர்ப் பொய்யெல்லாம் சுமந்து ஒரு தோளே கோணிப்போச்சு. இதையும் ஏத்திக்கப் போறீங்களா?"

"ஏத்திக்கலைன்னா பதவி போயிடும்டி."

"போகட்டுமே. சமையலறைக் குழாய் ஒரு மாசமா ஒழுகுது, பார்க்க ஆளில்ல."

நீதிமன்றத்தில் வழக்கைக் கூப்பிட்டதும் நீதிபதி என்னையே பார்த்தார். எழுந்தேன்.

"வார்த்தை கொடுத்தது நான். துறைக்கும் அன்னிக்கே தகவல் சொல்லிட்டேன். தெரிஞ்சுதான் இடிச்சிருக்காங்க. வேற காரணம் சொல்ல என்கிட்ட எதுவும் இல்ல."

"திரும்பக் கட்டித் தருவீங்களா?"

"மூணு மாசத்துல கட்டித் தருவோம்."

யாரிடமும் கேட்கவில்லை. பின்னால் செயலாளர் இருமினார். இருமட்டும்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

ஒன்பது வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காதது. அவமானமாக இருந்தது. அவர் கேட்டது நியாயம் என்பது அதைவிட அவமானம். எழுதிக் கொடுத்தேன். அதையே உத்தரவாகப் பதிந்தார்.

வெளியே நடையில் ஒரு பெண் வழிமறித்தாள். தோளில் அளவு நாடா.

"மூணாவது வீடு சார் நான், தையல் வேலை. வியாழக்கிழமை என் தங்கச்சி வண்டியோட வந்தா, சாமானெல்லாம் ஏத்திடலாம்னு. நான்தான் திருப்பி அனுப்பிட்டேன். அரசாங்கத்துப் பெரிய வக்கீலே சொல்லிட்டாரு, அப்புறம் என்னடி பயம்னு கேட்டேன். மெஷின் உள்ளேயே நசுங்கிப்போச்சு."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

"இப்போ சொன்னீங்களே சார், மூணு மாசம்னு. அதை நம்பலாங்களா?"

நம்புங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நம்பாதீங்கம்மா," என்றேன். "உள்ள போய் உத்தரவோட நகலைக் கேட்டு வாங்கி வெச்சுக்குங்க."