பால் டேங்கரும் காந்தமும்

"எங்கப்பாகிட்ட எப்பத்தாங்க பேசுவீங்க?"

"டேங்கர் டெலிவரி ஆகட்டும், மைதிலி. வேலையைப் பாத்துட்டாருன்னா ஆளையும் புடிச்சுப்போகும்."

"போன வருசம் பால் தொட்டி செஞ்சு குடுத்தப்பவும் இதையேதான் சொன்னீங்க."

ஆடி மாதம் பேசிய பேச்சு. நாமக்கல்லில் உள்ள தன் பட்டறையில் நின்றுகொண்டு இனியன் இப்போது அதை நினைத்துக்கொண்டான். டேங்கர் தயார். மல்லசமுத்திரத்தில் பால் பண்ணை வைத்திருக்கும் மைதிலியின் அப்பா சின்னுசாமி, நூலில் கட்டிய காந்தத்துடன் அதைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். எவர்சில்வர் விஷயத்தில் அவருக்குக் காந்தம் சொன்னதுதான் தீர்ப்பு. மச்சான் கொண்டுவந்த சீர் அண்டாவையே கல்யாணப் பந்தலில் வைத்துச் சோதித்தவர். மச்சான் மூன்று வருடம் பேசவில்லை.

தகட்டில் காந்தம் சும்மா தொங்கியது. வெல்டிங் கோட்டுக்கு வந்ததும் மெல்லச் சாய்ந்து ஒட்டிக்கொண்டது.

"கலப்படம் பண்ணியிருக்கற, தம்பி. வண்டி எனக்கு வேண்டாம்."

அப்பாவுடன் வந்திருந்த மைதிலி இனியனைப் பார்த்தாள். வண்டி போனால் கல்யாணப் பேச்சும் போனதுதான்.

"கலப்படம் இல்லீங்க. வெல்டுல மட்டும் ஃபெரைட்டுன்னு ஒரு இரும்பு வகை கொஞ்சம் உண்டாகற மாதிரி கம்பி போட்டேன். காந்தத்தை இழுக்கறது அதுதானுங்க."

"வேணும்னேவா?"

"ஆமாங்க."

"ஒத்துக்கறான் பாரு," என்று மகளிடம் சொன்னார், கிட்டத்தட்டச் சந்தோஷமாக.

இனியன் ஃபெரைட்டை அளக்கும் மீட்டரை வெல்டின் மேல் வைத்தான். ஆறு காட்டியது.

"நூத்துக்கா?"

"அப்படியே வெச்சுக்கங்க."

"பெயிலு."

"ரொம்ப ஏறினாத்தானுங்க பெயிலு. நாளாக ஆக அரிக்கும். ஒண்ணுமே இல்லாட்டி என்னாகும்னு பாருங்க."

ஃபெரைட் இல்லாத கம்பியால் சோதனைக்காக வெல்டு செய்து வைத்திருந்த ஒரு தகட்டை எடுத்து வந்தான். காந்தம் அதைச் சட்டை செய்யவில்லை. "இதல்லவா சில்வர்," என்றார் சின்னுசாமி. இனியன் அதில் சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, வெள்ளைப் பொடியைத் தெளித்தான். வெல்டின் நடுவே சிவப்பாக நீளக் கோடு ஒன்று ஊறி வந்தது.

"சூடு ஆறும்போதே விரிசல் விட்டுருச்சுங்க. கண்ணுக்குத் தெரியாது. பால் உள்ள போய்த் தங்கிப் புளிச்சுப்போகும். அந்தக் கொஞ்சம் ஃபெரைட் இருந்தா விரிசல் விடாது."

சின்னுசாமி கோட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கூட்டாளி காலை வாரிவிட்டதைப் போலக் காந்தத்தை முறைத்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சரி, வண்டிய எடுத்துக்கறேன். ஆனா இதையெல்லாம் முன்னாடியே சொல்லோணுமல்ல? இன்னும் ஏதாச்சும் எங்கிட்டச் சொல்லாம வெச்சிருந்தா இப்பவே சொல்லிப்போடு."

மைதிலி தொண்டையைச் செருமினாள்.

இனியன் கையுறையைக் கழற்றினான்.

"ஒண்ணு இருக்குதுங்க. ரெண்டு வருசமா இருக்குது. மைதிலிய எனக்குக் கட்டிக்குடுங்க."