போலாவின் பேர் நாள் காலணி

கட்டைவிரல் நகமளவு காலணி அது. சிவப்பு டூத்பிரஷ் பிடியை உடைத்து, தையல் கூடத்தில் திருடிய முறிந்த ஊசியால் புரோன்கா மூன்று வாரம் செதுக்கியது. அடிப்பாகத்தில் ‘A’ என்று ஓர் எழுத்து. இரண்டு நாள் ரொட்டியைக் கொடுத்துத்தான் அந்த டூத்பிரஷ்ஷையே வாங்கினாள். நாஜி முகாமில் இதெல்லாம் பிடிபட்டால் தனியறைப் பட்டினிதான். அதற்காகப் பேர் நாளை விட்டுவிட முடியுமா? பிறந்தநாளை மறந்தாலும் மறப்பாள் போலந்துக்காரி, தன் பெயருக்குரிய புனிதையின் நாளை மறக்கவே மாட்டாள். பிப்ரவரி ஒன்பது, அப்பலோனியா நாள். எட்டு மாதமாக ஒரே போர்வையைப் பங்குபோட்டுக்கொள்ளும் போலாவின் நாள்; போலா என்பது அப்பலோனியாவின் செல்லச் சுருக்கம்.

போலா மத்தியான சூப்போடு வந்து பலகையில் உட்கார்ந்ததும் புரோன்கா காலணியை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

“பிடிடி. இன்னைக்குக் குடுக்கணும்னே செஞ்சது.”

போலா வாயைப் பிளந்தாள். “எவ்வளவு அழகு! இன்னைக்கு என்ன விசேஷம்?”

எதிரே ஸெனோபியாவின் கரண்டி பாதியில் நின்றது. மூக்கில் வியர்த்துவிட்டது அவளுக்கு. ஒரு கரண்டி கூடுதல் சூப்புக்காக யாரையும் காட்டிக்கொடுப்பவள். போன மாதம் கள்ளப் பெயரில் இருந்த ஒரு யூதப் பெண்ணைக் காவல்காரியிடம் சொன்னாள். லாரியில் ஏற்றிப்போன அந்தப் பெண் திரும்பவே இல்லை.

“தன் பேர் நாளே தெரியாத கத்தோலிக்கப் பொம்பளைய இப்பத்தான் பாக்குறேன்,” என்றாள் ஸெனோபியா. “ஏம்மா, நெஜமாவே உன் பேரு அதுதானா?”

போலாவின் முகம் வெளுத்துப்போனது. அதைப் பார்த்ததுமே புரோன்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஜெபத்தில் எப்போதும் சற்றுப் பிந்தும் உதடுகள், ஊரைப் பற்றிக் கேட்டால் மாறும் பேச்சு. எட்டு மாதம் என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே பாவி என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தோடேயே காலணியை வெடுக்கென்று பிடுங்கினாள்.

“என் புத்தியச் செருப்பால அடிக்கணும். உங்க வீட்டுல ஜூலைலதான் கொண்டாடுவாங்கன்னு அன்னைக்கே சொன்னியேடி. எங்க சித்திக்கும் இதே பேரு, அவ ஞாபகத்துல முந்திக்கிட்டேன். ஜூலைல வாங்கிக்கோ.”

“ஆமா,” என்றாள் போலா. “ஜூலைதான்.”

“இவளுக்கு மட்டும் தனி நாளோ?”

“ஒரே பேருக்கு ரெண்டு மூணு நாள் இருக்கிறது உனக்குத் தெரியாதா? அக்டோபர்ல உன் நாள் வந்துச்சே ஸெனோபியா, எவளாச்சும் ஒரு நூல் துண்டாவது குடுத்தாளா? அந்த வயித்தெரிச்சல் உனக்கு.”

சுற்றிலும் பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஸெனோபியா முணுமுணுத்துக்கொண்டே சூப்பைக் குடித்தாள்.

அன்று முதல் காலணி புரோன்காவின் பாவாடை விளிம்புக்குள் தைக்கப்பட்டுக் கிடந்தது. ஜூலை இருபத்து மூன்று என்று போலாவுக்குத் தேதியைச் சொல்லிக்கொடுத்தாள், வேறெதுவும் கேட்கவில்லை. அதுவரை உயிரோடிருப்பது இருவர் கையிலும் இல்லை. ஆனாலும் இருந்தார்கள்.

அந்த ஜூலை நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. போலா தானே வந்து நின்றாள்.

“இன்னைக்கு என் பேர் நாள்,” என்றாள், ஸெனோபியாவின் காதிலும் விழும்படி.

புரோன்கா தையலைப் பிரித்துக் காலணியைக் கொடுத்தாள். போலா அதைத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பாகம் வழவழவென்று இருந்தது.

“எழுத்தைக் காணோமே?”

“சுரண்டிட்டேன்,” என்றாள் புரோன்கா தணிந்த குரலில். “அது உன் எழுத்து இல்லையே.”

போலா கட்டிக்கொள்வதுபோல் குனிந்து அவள் காதில் ஒரு பெயரைச் சொன்னாள்.

“ஃபைகா.”

“வெளிய போனதும் செதுக்கித் தாரேன்,” என்றாள் புரோன்கா. “ஊசி பத்திரமா இருக்கு.”