அட்மிஷன் மேஜைக்கு இந்தப் பக்கம்

லாயிடை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழுந்ததில்லை. அம்மா டீச்சராக இருக்கிற கான்வென்ட்டை விட்டுவிட்டுப் பிள்ளை வேறு எங்கே போவான்? விவேக் நகரில் எங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் ஒரு பேக்கரியும் ஒரு சைக்கிள் கடையும்தான். ஒன்று முதல் ஏழு வரை வகுப்புகள். காலையில் ஜெபம், வெள்ளிக்கிழமை ஞானோபதேச வகுப்பு, மூன்றாம் வகுப்பில் புதுநன்மைச் சடங்கு. டீச்சர் பிள்ளை என்றால் இடம் நிச்சயம். என் கணவர் கிளெமென்ட் போன வருடமே யூனிஃபார்ம் துணி வாங்கி வைத்துவிட்டார். எல்லாவற்றிலும் அவசரம் அவருக்கு.

லாயிட் பேச ஆரம்பிக்கவே மூன்றரை வயதாயிற்று. இப்போது ஐந்தரை. பேச்சுக்குக் குறைவில்லை, எழுத்துதான் வரவில்லை. நேற்றுத் தெரிந்த எழுத்து இன்றைக்கு மறந்துபோகும். சைக்கிள் கடையில் உட்காரவைத்தால் எந்த நட்டு எதற்கு என்று கடைக்காரருக்கே எடுத்துக் கொடுப்பான். முட்டாள் இல்லை. பெற்ற பாசத்தில் சொல்லவில்லை, பதினோரு வருடம் நாலாம் வகுப்பு எடுத்தவள் சொல்கிறேன். இப்படிப்பட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். எங்கள் பள்ளியில் அவர்களுக்கு என்ன நடக்கும் என்பதும் தெரியும்.

சுவருக்கு அந்தப் பக்கம், எங்கள் சிஸ்டர்களின் சபையே நடத்தும் உயர்நிலைப் பள்ளி; ஏழு முடித்த பிள்ளைகள் அங்கேதான் போவார்கள். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வருடா வருடம் கேட்டில் பேனர் கட்டுவோம். அந்த நூறு வானத்திலிருந்து விழுவதில்லை. படிப்பு வராத பிள்ளைகளை ஐந்திலும் ஆறிலும் பார்த்துவைத்து, ஏழு முடிவதற்குள் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவோம். அதற்கு வசதியாக, சேரும்போதே பெற்றோரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வோம். ஆங்கிலத்தில் இருக்கும். என் குழந்தை பள்ளி எதிர்பார்க்கும் தரத்துக்கு வராவிட்டால், நிர்வாகம் சொல்லும் நாளில் மறுபேச்சின்றி டி.சி. வாங்கிக்கொள்கிறேன் என்பது சாரம்.

பல மொழிக்காரர்கள் வாழும் ஊர் இது. அட்மிஷன் நாளில் தமிழ்ப் பெற்றோருக்கு அந்தத் தாளை விளக்கிச் சொல்வது என் வேலை. நான் எங்கே விளக்கினேன்? “ஸ்கூல் ரூல்ஸ்மா, எல்லாருக்கும் இருக்கறதுதான், இங்க ஒரு சைன் போடுங்க.” பதினோரு வருடமும் இதே பாட்டு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஸ்னேஹா என்ற ஆறாம் வகுப்புப் பெண்ணுக்கு டி.சி. கொடுத்தோம். நாலாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். பாட்டுக்கு முதல் ஆளாக எழுந்து நிற்பாள். அவளுடைய அப்பா பக்கத்து ஏரியா அடுகோடியில் பெயின்டர். சண்டை போடத்தான் வந்தார். தலைமை ஆசிரியை சிஸ்டர் ஜோவிதா, சேரும்போது அந்த அப்பா கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து முன்னால் வைத்தார். மனுஷன் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “டீச்சர், ரூல்ஸுன்னுதானே சொன்னீங்க?” என்று கேட்டார். டி.சி.யில் விலகும் காரணம் என்ற இடத்தில் ‘பெற்றோர் விருப்பம்’ என்று எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது இந்தக் கைதான்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு அது இந்த ஜனவரியில், ஒரு சனிக்கிழமை காலையில் தெரிந்தது.

அட்மிஷன் மேஜையில் அரை மணி நேரம் லவினா மிஸ்ஸை உட்காரவைத்துவிட்டு, கிளெமென்ட்டோடும் லாயிடோடும் எதிர்ப்பக்க நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். லவினா புதிது. சிரித்துக்கொண்டே எல்லாத் தாள்களையும் நகர்த்தினாள். கடைசியில் அந்தத் தாள்.

“மிஸ், இது உங்களுக்கே தெரியும். இங்க சைன்.”

பேனாவை எடுத்தேன். அந்த வரிகளை அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு அம்மாவாகப் படித்தேன். பக்கத்தில் லாயிட் நாற்காலிக்கு அடியில் குனிந்து, அது ஏன் ஆடுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தான். ஆறாம் வகுப்பில் அவன் பையை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நிற்பது கண்ணுக்குள் வந்தது. பேனாவைக் கீழே வைத்தேன்.

“போடு பிரிஜெட், பேப்பர்தானே” என்றார் கிளெமென்ட்.

“பேப்பர்தான். ஸ்னேஹா அப்பாவும் அப்படி நெனச்சுத்தான் போட்டாரு” என்று சொல்லிவிட்டு, ஃபாரத்தை எடுத்துக்கொண்டு சிஸ்டர் அறைக்குப் போனேன்.

சிஸ்டர் ஜோவிதா கெட்டவர் இல்லை. கோலார் தங்கவயல் பக்கம், பெரிய குடும்பத்தில் பிறந்தவர். லாயிட் குறைமாதத்தில் பிறந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து என்னோடு உட்கார்ந்திருந்தார். என் கையில் இருந்த தாளைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“அய்யோ, ஒனக்கு எதுக்கும்மா இது? ஸ்டாஃப் பிள்ளைக்கு வேணாம்.” ஃபாரத்தை வாங்கி, அந்தத் தாளை மட்டும் உருவிக் குப்பைக்கூடையில் போட்டார்.

“லாயிடுக்குப் படிப்பு சரியா வரலன்னா சிஸ்டர்?”

“பாத்துக்கலாம் விடு. நம்ம பையன்.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், நெஞ்சில் இருந்த கல்லை இறக்கி வைத்ததுபோல இருந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். வாய் சும்மா இருந்தால்தானே.

“அப்போ ஸ்னேஹா யாரு பொண்ணு சிஸ்டர்?”

அவர் சிரிப்பு நின்றது. “அத எதுக்கு இப்போ எடுக்கற?”

“ஹால்ல நல்ல ஆயன் படம் மாட்டிருக்கோம். தொண்ணூத்தொம்பது ஆட்டையும் விட்டுட்டு ஒண்ணத் தேடிப் போனவரு. நாம நூறு காட்டணும்னு அந்த ஒண்ணப் புடிச்சு வெளிய தள்றோம். அதுக்கு நான் சைன் வாங்கிக் குடுக்கறேன்.”

“ரிசல்ட் இல்லன்னா இங்க ஒருத்தரும் சேர மாட்டாங்க பிரிஜெட். அப்பறம் இல்லாதவங்க பிள்ளைங்கள நான் எப்படிச் சேத்துக்கறது? ஒனக்கு ஒரு கிளாஸ், எனக்கு முழு ஸ்கூலு.” அவர் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது. “ஒன் பையன் சீட்டுக்கு நான் கேரண்டி. வெளிய க்யூ நிக்குது, போய்ப் பாரு.”

வெளியே வந்தேன். கிளெமென்ட் புருவத்தை உயர்த்தினார். “நமக்கு சைன் வேணாமாம்” என்றேன். அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். லவினாவை அனுப்பிவிட்டு என் பழைய இடத்தில் உட்கார்ந்தேன்.

அடுத்து வந்தவள் பெயர் ஜெயலக்ஷ்மி. ஃபாரத்தில் பார்த்தேன். கார்மென்ட்ஸில் வேலை, வீடு அடுகோடி. இடுப்பில் ஒரு பெண் குழந்தை, ஒன்றாம் வகுப்புக்கு வந்தவளை இன்னும் தூக்கிக்கொண்டிருந்தாள். அந்தத் தாளை மட்டும் என் பக்கம் திருப்பினாள்.

“இதுல இன்னா டீச்சர் எழுதிக்கீது?”

பதினோரு வருடப் பாட்டு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சீட்டுக்கு கேரண்டி கிடைத்திருக்கிறது, பேசாமல் பாடியிருக்கலாம். ஆனால் நிமிர்ந்து பார்த்தேன், அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாளைக் கையில் எடுத்து முதல் வரியிலிருந்து தமிழில் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

“அப்போ படிப்பு ஏறலன்னா தொரத்திடுவாங்களா?”

“ஆமாம்மா. அஞ்சாவது, ஆறாவதுல. நீங்களே கேட்டு வாங்கிக்கிட்டதாத்தான் டி.சி.ல எழுதுவோம்.”

வரிசை முழுக்க அமைதியாகிவிட்டது. பின்னால் நின்ற கிளாரன்ஸ், எங்கள் கோயில் பங்குக்காரர்தான், எட்டிப் பார்த்தார். “மிஸ், ப்ளீஸ், இத பெருசு பண்ணாதீங்க. எங்களுக்கு சீட் போயிடும்” என்றார். என் மேஜை ஓரத்திலேயே தாளை வைத்து அவசரமாகக் கையெழுத்துப் போட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சத்தம் இல்லாததைக் கவனித்து, சிஸ்டர் தன் அறை வாசலுக்கு வந்து நின்றார்.

ஜெயலக்ஷ்மி பேனாவைத் திறந்தாள். பிறகு ஏதோ தோன்றியவளாக என்னைப் பார்த்தாள்.

“தோ நிக்கறது உங்க புள்ளையா டீச்சர்? இங்கதான் சேக்கறீங்களா?”

“ஆமா.”

“நீங்க போட்டீங்களா இதுல கையெழுத்து?”

சிஸ்டர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கிளெமென்ட் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“இல்ல. டீச்சர் பிள்ளைக்கு வேணாமாம்.”

அவள் பேனாவை மூடினாள். “அப்போ எம் பொண்ணுக்கும் வேணாம்” என்றாள். கத்தவில்லை. காய்கறிக்காரனிடம் சொத்தைக் கத்தரிக்காயைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, ஃபாரத்தை மட்டும் நீட்டினாள்.

வாங்கிக்கொண்டேன். எழுந்து உள்ளே போய், சிஸ்டர் மேஜைமேல் இருந்த லாயிடின் ஃபாரத்தை எடுத்தேன். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாசலில் நின்ற சிஸ்டரிடம் கொடுத்தேன். பயந்துதான் கொடுத்தேன்.

“எடுத்தா ரெண்டையும் எடுங்க சிஸ்டர். தள்ளினா ரெண்டையும் தள்ளுங்க.”

“யோசிச்சுப் பேசு பிரிஜெட். பிள்ளை விஷயம்.”

“பதினோரு வருஷமா யோசிக்காமப் பேசினேன் சிஸ்டர். இன்னிக்குத்தான் யோசிச்சேன்.”

அவர் இரண்டு ஃபாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கூடையிலிருந்து அந்தத் தாளை எடுத்து என்னையும் கையெழுத்துப் போடச் சொல்வார் என்றுகூட ஒரு கணம் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. இரண்டு ஃபாரத்தையும் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

லாயிடுக்கு இடம் இல்லை. இன்னும் ஒரு வாரத்தில் எனக்கும் இருக்குமோ என்னவோ. ஜெயலக்ஷ்மியிடம் ஃபாரத்தைக் கொடுத்தேன். “வேற ஸ்கூலு பாக்கணும் டீச்சர், நீங்களும்தானே?” என்றாள். “நம்பர் குடுத்துட்டுப் போங்க, சேந்தே தேடலாம்” என்றேன். ஃபாரத்தின் மூலையைக் கிழித்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

கிளெமென்ட் வந்து என் எதிரில் நின்றார். முகம் சிவந்திருந்தது. வீட்டுக்குப் போனதும் பெரிய சண்டை இருக்கிறது என்று தெரிந்தது.

“எத்தன மணி வரைக்கும் டூட்டி?” என்று கேட்டார்.

“ஒரு மணி.”

லாயிடைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தார். “முடிச்சுட்டு வா. இருக்கோம்.”

என்னை யாரும் இன்னும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. எழுந்திருக்கச் சொல்லும்வரை அது என் மேஜைதான். வரிசையில் இன்னும் இருபது பேராவது இருந்தார்கள்.

“அடுத்தது யாரு? வாங்க, உக்காருங்க. பேனாவ உள்ள வைங்க. மொதல்ல முழுசாப் படிச்சுச் சொல்றேன்.”